சில்லு விலையும் சில்லோர் முற்றுரிமையும்

நட்டம் வந்தாலும், விலை மாறும் செலவுக்குக் கீழே போகாதவரை உற்பத்தியாளன் ஆலையை மூடமாட்டான் என்று பொருளாதார வகுப்பில் படிக்கிறோம். கரும்பலகையில் இரண்டு வளைகோடுகளோடு முடிந்துவிடும் இப்பாடத்தை உயிரோடு காண வேண்டுமானால், கணிப்பொறிக்கு நினைவகச் சில்லு செய்யும் தொழிலைப் பார்க்க வேண்டும்.

மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கன்தானே மூலப்பொருள், விலை குறைவதில் என்ன வியப்பு என்பார் சிலர். மணலுக்கா விலை? தூசு புகாத ஆலைக்கும் அதனுள் நிற்கும் பொறிகளுக்கும் அல்லவா! இன்று ஒரு புதிய பெரிய ஆலைக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகிறது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டியும் தேய்மானமும் நிற்பதில்லை. ஆகவே விலை சரிந்தாலும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் சில்லுக்குப் பதில் இன்னொருவர் சில்லைப் பொருத்தலாம் என்பதால், போட்டி விலையில்தான் நடக்கும். விலை உயர்ந்த காலத்தில் எல்லோரும் ஆலை கட்டத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எல்லா ஆலைகளும் ஒன்றாகத் திறக்கும். பிறகு கேட்க வேண்டுமா?

1970-இல் '1103' என்ற நினைவகச் சில்லை விற்றுப் புகழ்பெற்ற இன்டெல் நிறுவனம், 1985-இல் அத்தொழிலையே கைவிட்டது. ஜப்பானியர் அடக்க விலைக்கும் குறைவாக விற்றுக் கெடுத்துவிட்டனர் என்று அமெரிக்கர் குற்றஞ்சாட்டினர். 1986-இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் முழு உண்மை அதுவன்று என்பதே என் கருத்து. ஜெர்மனியின் கிமோண்டா 2009-இல் நொடித்தது. ஜப்பானின் எல்பிடாவும் 2012-இல் அதே பள்ளத்தில் விழ, அமெரிக்காவின் மைக்ரான் மறு ஆண்டு அதை வாங்கிக்கொண்டது. கெடுத்தவர் என்று பெயரெடுத்தவரும் கெட்டார்கள் என்றால், கோளாறு ஒரு நாட்டின் சூழ்ச்சியில் மட்டும் இல்லை. தொழிலின் செலவமைப்பிலேயே இருக்கிறது.

விலை குறைந்தால் நுகர்வோருக்கு நன்மைதானே என்ற கேள்வி எழும். சில காலம் நன்மைதான். ஆனால் 1999 முதல் 2002 வரை உற்பத்தியாளர் சிலர் கூடிப் பேசி விலை நிர்ணயித்தனர். அதற்காகச் சாம்சங் 2005-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். 2022-இன் இறுதியிலும் 2023-இலும் விலை சரிந்தபோது மூவரும் அடுத்தடுத்து உற்பத்தியைக் குறைத்தனர். கூடிப் பேசினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மூவரே இருக்கும் சந்தையில் ஒருவர் செய்வதை மற்ற இருவர் பார்த்துக்கொண்டாலே போதுமே!

2025-இன் இறுதியில் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான கணிப்பொறி நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, சாதாரணக் கணிப்பொறி வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது. மூவரும் இப்போது புதிய ஆலைகளுக்கு அடித்தளம் போட்டு வருகின்றனர்.