அரண்மனைத் திருமணமும் புதிய புரோகிதரும்

சிங்காரப்பேட்டையில் திருமணம் என்றால், முன்பெல்லாம் பந்தற்கால் நட்ட செய்தி ஊத்தங்கரை வரை எட்டும். சவ்வாது மலையடிவாரச் சிற்றூர்களினின்றும் உற்றார் வந்து சேர்வர். ஒரு வீட்டார் வாழைமரம் தருவர். மற்றொரு வீட்டார் அண்டா தருவர். இன்றோ, ஓசூர்த் தொழிற்கூடத்திலும் பெங்களூர்க் கணினி நிறுவனத்திலும் சம்பளம் வாங்கும் மணமக்களுக்கு ஊர் மண்டபம் கண்ணில் படவில்லையாம்! உதயப்பூர் ஏரிக்கரை அரண்மனை வேண்டுமாம்! இல்லையேல் கோவாக் கடற்கரையாவது வேண்டுமாம்! அதன் பிறகு எழுகிறது ஐயம்: அவ்வூரிலேயே உள்ள ஏற்பாட்டாளரை அமர்த்துவதா, பெங்களூரிலிருந்து ஒருவரை அழைத்துச் செல்வதா, யாருமின்றி நாமே பார்த்துக்கொள்வதா?

யார் இந்த ஏற்பாட்டாளர்? நாள் குறிப்பவர் அவர். பந்தல் எங்கே, பல்லக்கு எங்கே, மணமகள் எப்போது நடக்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று ஆணையிடுபவரும் அவரே. வடமொழி மந்திரத்திற்கு மாறாக ஆங்கில மந்திரம் ஓதுகிறார், அவ்வளவே வேற்றுமை! பழைய புரோகிதராவது தட்டில் விழும் காசோடும் மூட்டையில் கட்டிய அரிசியோடும் வீடு திரும்பினார். இவர்களில் பலர் கேட்பதோ மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்று! செலவு ஏறினால் இவர் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். சிக்கனமாக முடித்துத் தர அவருக்கென்ன அக்கறை இருக்க முடியும்? பூக்காரரும் விடுதிக்காரரும் தரும் தரகு வேறு இருந்தால், அதைக் கேட்கவே வேண்டாம்.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். வெளியூரில்தான் நடத்துவதென்று முடிவு செய்துவிட்டவருக்கு, அவ்வூர் ஆளே மேல். சமையல் வண்டி எந்த வாயிலில் நுழையும், மின்சாரம் நின்றால் யாரை எழுப்புவது என்பதை அவரே அறிவார். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டின் விதியை உள்ளூர்க் காவல் நிலையம் எவ்வளவு கண்டிப்புடன் பார்க்கிறது என்பதும் அவருக்கே தெரியும். பெங்களூர்ப் பெருமகனாரும் அங்கே போய் அந்த ஆளைத்தான் தேடப்போகிறார். இரண்டு தரகு எதற்கு?

ஆனால், எந்த ஏற்பாட்டாளரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றி நடந்தது சுயமரியாதைத் திருமணம். 1953-இல் அம்முறை செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-இல் சட்டம் இயற்றப்பட்டு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். ஊரறியப் பெருங்கூட்டம் கூடியாக வேண்டும் என்பதில்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றமும் தெளிவாக்கியது. எவ்வளவு எளிமை! எவ்வளவு பெரிய உரிமை!

அந்த உரிமை தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தந்தது, புதுவையிலும் உண்டு. உதயப்பூரில் இல்லை. இதோ ஓசூரைத் தாண்டினால் வருகிற கருநாடகத்திலும் இல்லை! அங்கே 1955-ஆம் ஆண்டின் சட்டம் கேட்பது மரபுச் சடங்கு. சடங்கின்றிப் பெற்ற பதிவுச் சான்று மட்டும் இந்துத் திருமணத்தை உண்டாக்காது என்று 2024-இல் உச்சநீதிமன்றமே உரைத்துவிட்டது. ஆகவே, பகுத்தறிவு பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் அரண்மனை முற்றத்தில் மாலை மாற்றிக்கொண்டு திரும்பினால், நாளை சொத்துரிமை வழக்கு வரும்போது அந்தப் பெண் எதைக் காட்டுவாள்? ஒளிப்படத்தையா?

செலவுக்கு வருவோம். "நண்பர்களோடு மகிழ்ந்திருக்க" என்கிறார் மணமகன். கடன் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர். 1961-இல் தடை செய்யப்பட்ட வரதட்சணை, "அரண்மனை வாடகை" என்று வேறு பெயர் பூண்டு வருகிறதே, இதைக் கண்டு பதறுவார் யார்? இருந்த மாந்தோப்பை அடகு வைத்து, எவருக்கு விருந்து? விமானச் சீட்டு வாங்க இயலாத அத்தை வரமாட்டார். தோப்பில் காய் பறித்த கூலித் தோழர் வரமாட்டார். தூக்கி வளர்த்த பாட்டிக்கு முழங்கால் வலி. செல்வர்களே வெளிநாட்டில் மணம் நடத்தாதீர், உள்நாட்டிலேயே நடத்துவீர் என்று 2023 நவம்பரில் வானொலியில் பிரதமர் அறிவுரை கூறினார். அந்த அறிவுரைக்கு உரியவர் வேறு. சிங்காரப்பேட்டைக் கணக்கு வேறு!

நாம் கூறுவது இது. திருமணம் ஊரிலேயே, 7-அ பிரிவின்படி, அத்தையும் பாட்டியும் காண நடக்கட்டும். பதிவும் உடனே முடியட்டும். ஏரிக்கரை ஆசை அதற்குப் பின்னும் அடங்கவில்லையானால், மணமக்கள் தம் சம்பளத்தில் அங்கே விருந்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கு அவ்வூர் ஆள் ஒருவரை, விழுக்காட்டிற்கன்று, முன்கூட்டிப் பேசிய ஒரே கூலிக்கு, ஒவ்வொரு செலவின் பற்றுச்சீட்டையும் தம்மிடம் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அமர்த்தட்டும். எழுத மறுப்பவரானால், அடுத்தவரைக் கேட்கட்டும்.