செல்வ அரசுகளின் கடமை



ஆவுடையார்கோவில், மீமிசல், கோட்டைப்பட்டினம் வட்டாரத்தில் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வளைகுடாவுக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் முதலில் மருத்துவச் சோதனைக்கு நிற்கவேண்டும். எச்.ஐ.வி. கிருமிக்கான இரத்தப் பரிசோதனையும் அதில் ஒன்று. கிருமி இல்லையெனில் பயணம் உண்டு. இருப்பின் அத்தோடு முடிந்தது. அவ்வாறு திரும்பியவர் பிறகு என்ன ஆனார் என்று நாம் என்றைக்கேனும் கேட்டதுண்டா?

அவர் இன்று உயிரோடு இருந்து, உழைத்து, மனைவி மக்களைக் காப்பாற்றி வருகிறாரென்றால் அதற்குக் காரணம் அவர் நாள் தவறாமல் உண்ணும் கூட்டு மருந்து. அம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. முறையாக உண்டு கிருமி முற்றிலும் அடங்கியவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கு நோய் பரவுவதில்லை. தாய் உண்டால் வயிற்றுப் பிள்ளையும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் மருந்தை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி சில வாரங்களிலேயே மீண்டும் தலைதூக்குகிறது. இந்நோய்க்கு அளிக்கப்படும் உதவியைப் பற்றிப் பேசுவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இவ்வுண்மையே.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1986 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதை வெளிக்கொணர்ந்தனர். அன்று நோயை அறிய வழி இருந்தது. ஆற்ற வழி இல்லை. பின்னர் 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விலை! ஏழை நாடுகளில் பிறந்தவர்கள் மருந்து இருப்பதை அறிந்தும் அதை எட்ட முடியாமல் இறந்தார்கள். 2001 இல் நம் நாட்டின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுப் ஹமீது அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோதுதான் உலகின் கண் திறந்தது.

விலை குறைந்தும், வாங்கிக் கொடுக்கக் கை வேண்டுமல்லவா? அதற்கென 2002 இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்கும் உலக நிதியம் தோன்றியது. 2003 இல் அமெரிக்கா தனியே ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அது இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக அந்நாட்டு அரசே கூறியிருக்கிறது. நம் நாட்டிலும் 1992 இல் தேசியத் திட்டம் உலக வங்கிக் கடனுதவியோடுதான் தொடங்கிற்று. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாயிற்று. உலக நிதியமும் கைகொடுத்தது. பின்னர் 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்திற்கு 15,471 கோடி ரூபாயை மத்திய அரசே தன் கருவூலத்திலிருந்து ஒதுக்கியது.

"எத்தனை காலம் கொடுத்துக்கொண்டே இருப்பது?" என்று வினவுவோருக்கு இதுவே விடை. தக்க காலத்தில் தாங்கிப் பிடித்தால் தாங்கப்பட்டவர் தம் காலில் நிற்பார். ஆனால் எல்லா நாடுகளுக்கும் இந்தியாவின் வலிமை வாய்க்கவில்லை. அதற்குள் கையை உதறிவிடுவது என்ன நியாயம்?

உதறிவிட்டார்கள் என்பதுதான் வேதனை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபரின் ஒரே ஆணையால் வெளிநாட்டு வளர்ச்சி உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டபோதிலும், அதற்குள் ஆப்பிரிக்காவில் பல மருத்துவ நிலையங்கள் கதவடைத்துவிட்டன. அவ்வாண்டு நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் உலக நிதியம் 1,800 கோடி டாலர் கேட்டது. அங்கு வாக்களிக்கப்பட்டது 1,134 கோடிதான்.

2024 இல் உலகில் இக்கிருமியோடு வாழ்ந்தோர் 4 கோடியே 8 லட்சம் பேர். மருந்து பெற்றோர் 3 கோடியே 16 லட்சம் பேர். மாண்டோர் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர். அமெரிக்க உதவியால் நடந்த பணிகள் அடியோடு சரிந்தால் 2029 க்குள் மேலும் 40 லட்சம் பேர் மடியக்கூடும் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்தது.

"தன் வினை தன்னைச் சுடுகிறது, நாம் ஏன் இரங்கவேண்டும்?" என்போரும் நம்மிடையே உண்டு. கணவனை நம்பி வாழ்ந்த மனைவி என்ன செய்தாள்? கருவிலேயே கிருமியைப் பெற்ற சிசு என்ன செய்தது? மனிதரின் உள்ளத்தையும் செயலையும் கணக்கிடுபவன் இறைவன் ஒருவனே. நோயுற்றவரைக் கண்டால் மருந்து கொடுப்பதே நம் வேலை, தீர்ப்புக் கூறுவதன்று.

வாசகர்களே, ஜகாத்தின் தத்துவத்தை எண்ணிப் பாருங்கள். அது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்ததன்று. பெறுபவருக்கு அதில் உரிமை உண்டு. கடமையான ஆண்டில் "இவ்வாண்டு விருப்பமில்லை" என்று சொல்ல இடமில்லை. அளவும் முன்பே வகுக்கப்பட்டுள்ளது: நாற்பதில் ஒரு பங்கு. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வறிய நாடுகளுக்கு அளிக்கவேண்டுமென ஐ.நா. சபை 1970 இல் இலக்கு வகுத்தது. நூறு ரூபாயில் எழுபது காசு! அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரிட்டனோ இராணுவச் செலவைக் கூட்டுவதற்காகத் தன் உதவியை 2027 க்குள் 0.3 பங்காகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொன்னை அவன் அமைச்சர் ஆலயத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது நம் ஆவுடையார்கோவிலின் வரலாறாகச் சொல்லப்படுவது. போர்க்குதிரைக்கு வைத்த பொருள் அறப்பணிக்குச் சென்ற கதை அது. இன்று நாம் காண்பதோ, நோயாளிக்கு வைத்த பொருள் போர்க்குதிரைக்குச் செல்லும் காட்சி!

எண்ணெய் வளம் பெற்ற வளைகுடா அரசுகளையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. நம் பிள்ளைகளில் நலமுள்ளவரைத் தேர்ந்தெடுத்து அவர்தம் உழைப்பைப் பெறுகிறவர்கள், நலமிழந்தவரின் மருந்துக்கும் பங்கு கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஜகாத்தை நன்கறிந்த அவர்கள் இதில் மற்றவர்க்கு முன்னே நிற்க வேண்டாமா?

ஆண்டுக்கு இருமுறை ஊசி போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் என்னும் புதிய மருந்தும் வந்துவிட்டது. ஹைதராபாத்தின் இரு நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்கு அதை அளிக்க முன்வந்துள்ளன. 1996 இல் மருந்து எட்டாத விலையில் இருந்தது என்றாவது காரணம் கூறலாம். இனி அக்காரணமும் இல்லை.

ஆகவே செல்வ அரசுகள் மூன்றைச் செய்யவேண்டும்: உலக நிதியம் கேட்ட தொகையை முழுமையாக அளிக்கவேண்டும், அவ்வுதவி ஆட்சி மாறினாலும் நிற்காதவாறு பல்லாண்டுக்கு உறுதி செய்யவேண்டும், தடுப்பு மருந்து ஏழை நாடுகளுக்குத் தாமதமின்றிச் சேர வழிசெய்யவேண்டும். நாள்தோறும் உண்ணவேண்டிய மருந்தை, நினைத்தால் கொடுத்து நினைத்தால் நிறுத்தும் உதவியைக் கொண்டு நடத்த முடியாது.

கொடுக்கும் வசதியை அளித்த வல்ல இறைவன், கொடுக்கும் மனத்தையும் அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.