பாட்டி எடுத்த பட்டம்: டென்மார்க் பேரப்பிள்ளைகள் ‘கவுன்ட்’ ஆனது ஏன்?

2022 டிசம்பர் 31 வரை இளவரசர், இளவரசி. விடிஞ்சா வெறும் கவுன்ட், கவுன்டஸ். டென்மார்க் அரச குடும்பத்தின் நாலு பேரப்பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். பட்டத்தை எடுத்தது வேறு யாருமில்லை, சொந்தப் பாட்டி ராணி இரண்டாம் மார்கரெத்!

யார் இந்த நாலு பேர்?

ராணியின் இளைய மகன் ஜோக்கிம். ஹாங்காங்கில் பிறந்த அலெக்ஸாண்ட்ராவை 1995-ல் கல்யாணம் செய்தார். நிகோலாய் (1999), ஃபெலிக்ஸ் (2002) என இரண்டு மகன்கள். 2005-ல் விவாகரத்து. 2008-ல் பிரான்ஸைச் சேர்ந்த மரீயுடன் இரண்டாவது திருமணம். ஹென்ரிக் (2009), அதீனா (2012) பிறந்தார்கள்.

ராணி சொன்ன காரணம் என்ன?

அரச கடமைகளின் கட்டுப்பாடு இல்லாமல் பேரப்பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். அரச குடும்பத்தைச் சுருக்குவது புதுசில்லை. ஸ்வீடன் மன்னரும் 2019-ல் தன் 5 பேரப்பிள்ளைகளை அரச இல்லத்திலிருந்து விலக்கினார்.

பணம்தான் பிரச்சினையா?

இல்லை. பேரப்பிள்ளைகளில் மூத்த மகன் ஃபிரெடெரிக்கின் வாரிசு கிறிஸ்டியனுக்கு மட்டுமே எதிர்காலத்தில் அரசு மானியம் என்று 2016-லேயே அரண்மனை சொல்லிவிட்டது. அதனால் 2022 முடிவால் இந்த நாலு பேரும் இழந்தது காசு இல்லை, பேர்.

வலித்ததும் அங்கேதான். பிள்ளைகள் காயப்பட்டிருக்கிறார்கள் என்று ஜோக்கிம் வெளிப்படையாகவே சொன்னார். குடும்பம் இவ்வளவு பாதிக்கப்படும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக ராணி மன்னிப்பு கேட்டார். ஆனா, முடிவை மாத்தல.

அப்போ அரியணை உரிமையும் போச்சா?

இங்கேதான் விஷயமே இருக்கு. பட்டம் வேறு, வாரிசு உரிமை வேறு. பட்டம் கொடுப்பதும் எடுப்பதும் அரசர் கையில். யார் அரியணை ஏறலாம் என்பதோ 1953 வாரிசுரிமைச் சட்டத்தின் கையில். அதை ராணி நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது.

2024 ஜனவரி 14-ல் மார்கரெத் முடிதுறக்க, ஃபிரெடெரிக் மன்னரானார். அவருடைய 4 பிள்ளைகளுக்குப் பின் 5-வது இடம் ஜோக்கிமுக்கு. 6 முதல் 9 வரை அந்த நாலு பேர்தான்.

அதாவது, இளவரசர் என்று கூப்பிட முடியாது. ஆனால் ஒருநாள் மன்னராக வர சட்டத்தில் தடையில்லை!