கண்ணைக் கட்டிக் காட்டும் உலகம்



சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், நம் இதழ்ப்பணிக்குத் துணைநிற்கும் இளைஞர் ஒருவர், அயல்நாட்டினின்று திரும்பிய தம் தமையனார் கொணர்ந்த புதுக்கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு எம் இல்லத்திற்கு வந்தார். பார்வைக்கு அது நீரில் மூழ்குவோர் அணியும் கண்காப்புப் போன்றிருந்தது. அதனொடு இரு கைகளுக்கும் இரண்டு பிடிகள். "ஐயா, இதனை அணிந்து ஒருமுறை விளையாடிப் பாருங்கள்; அதன்பின் இதைப்பற்றி எழுதுங்கள்" என்றார். விளையாட்டுக்கும் எமக்கும் இடையே நாற்பது ஆண்டுத் தொலைவு உண்டு. ஆயினும், தாம் கண்டறியாத ஒன்றைக் கடிவதும், கண்டறியாத ஒன்றைப் புகழ்வதும் எழுதுகோல் பிடித்தார்க்கு அழகல்ல என்பதனால் இசைந்தோம். அன்று கண்டவற்றையும், கண்டபின் எண்ணியவற்றையும் ஈண்டு உரைக்கின்றோம்.

இக்கருவியை மெய்ந்நிகர்க் காட்டி என்கின்றோம். மெய் அன்று, மெய்க்கு நிகர். பெயரிலேயே அதன் ஆற்றலும் அதன் குறையும் அடங்கியுள்ளன. ஒவ்வொரு கண்ணிற்கும் முன்னே ஒரு வில்லை. அதன்பின் ஒரு திரை. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் காட்டப்படுகின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை அண்மையையும் சேய்மையையும் அளந்துகொள்கின்றது. தலையைத் திருப்புந்தோறும், திரும்பிய அளவைக் கருவி அறிந்து, அதற்கேற்பப் படத்தை நொடிக்கு 72 முறையோ 90 முறையோ அதனினும் மிகுதியாகவோ புதிதாக வரைகின்றது. அவ்வரைவு சற்றே பிந்தினும் உடல் அதனைக் கண்டுகொள்ளும்.

இளைஞர் முதலில் காட்டியது பலகை நடை. மின்தூக்கி ஒன்று எம்மை வானளாவிய கட்டடத்தின் உச்சிக்கு ஏற்றிச்சென்றது. கதவு திறந்தது. வெளியே, வெட்டவெளியில், ஒற்றைப் பலகை நீண்டு கிடந்தது. கீழே தெருக்கள் நூலிழைகளாகவும் ஊர்திகள் எறும்புகளாகவும் தோன்றின. எம் காலடியில் இருப்பது எம் வீட்டுக் கூடத்துத் தரை என்பதை யாம் அறிவோம். எம் துணைவியார் பக்கத்தில் நின்று நகைப்பதும் செவியில் விழுகின்றது. ஆயினும் முழங்கால் நடுங்கிற்று, உள்ளங்கை வியர்த்தது, பலகையை விட்டு ஓரடி வெளியே வைக்குமாறு இளைஞர் மும்முறை கூறியும் கால் எழவே இல்லை. 'தரை' என்றது அறிவு; 'மடு' என்றது உடல்; வென்றது உடலே! அறுபது ஆண்டுகளாக எம் சொற்படி நடந்த கால்கள், யாரோ ஒருவர் வரைந்த படத்திற்கு அரை மணித்துளியில் கீழ்ப்படிந்துவிட்டன.

அடுத்து வாளாட்டம். கைக்கோர் ஒளிவாள், ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். இசைக்கு இயைய அவ்விரு நிறக் கட்டைகள் எதிரிலிருந்து பறந்துவரும். அவற்றை அவ்வந் நிறத்து வாளால், அம்புக்குறி காட்டும் வாக்கில் வெட்டி வீழ்த்தல் வேண்டும். செக்கு நாட்டுத் தலைநகராகிய பிராகாவில் ஒரு சிறு குழுவினர் உருவாக்கி 2018 இல் வெளியிட்ட 'பீட்டு சேபர்' எனும் விளையாட்டு இது. உள்ளதை உரைப்பின், இதில் யாம் தோற்றோம், தோற்றும் மகிழ்ந்தோம். நாற்காலியில் சாய்ந்து கட்டைவிரலை மட்டும் அசைக்கும் திரை விளையாட்டன்று இது. தோளும் இடுப்பும் முழங்காலும் ஒருங்கே உழைக்கும் ஆட்டம். இரண்டு பாட்டு முடியுமுன் மேலாடை நனைந்துவிட்டது. சிலம்பம் சுழற்றிய இளமை நினைவில் எழுந்தது.

மூன்றாவதாக, ஏறி இறங்கி வளைந்தோடும் ஊர்தியொன்றில் அமர்ந்தோம். இரண்டு மணித்துளி ஆகுமுன்னரே வயிறு குமட்டித் தலை சுற்ற, காட்டியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பற்றிக்கொண்டோம். அன்றிரவு உணவும் கொள்ளவில்லை. இஃது எம் அகவையின் குற்றமன்று. 'ஓடுகின்றாய்' என்று கண் கூறுகின்றது. 'அசையாது இருக்கின்றாய்' என்று உட்செவியில் உள்ள சமனுணர் உறுப்புக் கூறுகின்றது. இவ்விரு சான்றுகளும் முரணுங்கால் மூளை தடுமாறுகின்றது. கப்பலின் கீழறையில் இருப்பார்க்குக் குமட்டல் தோன்றுவதும் இத்தகு முரணாலேயே. அங்கே செவி உணரும் அசைவைக் கண் உணராது. இங்கே கண் உணரும் அசைவைச் செவி உணராது. வாளாட்டத்தில் ஏன் குமட்டவில்லை எனின், அங்கே யாம் அசைந்த அளவே காட்சியும் அசைந்தது. எனவே புதிதாகத் தொடங்குவோர், தாம் நின்ற இடத்தில் நின்று ஆடும் விளையாட்டுகளையே முதலிற் கொள்க. பத்து மணித்துளிக்கு மேல் நீட்டற்க. குமட்டல் தோன்றியவுடன் கழற்றுக. பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்று வலிந்து தொடர்தல் வேண்டா.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. 1968 இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் தலையில் அணியும் காட்டியொன்றைத் தம் மாணவரொடு சேர்ந்து செய்தார். தலையின் அசைவை அளக்கும் அதன் கை, முகட்டினின்று தொங்கிற்று; அது காட்டியதோ வெறுங்கோடுகளால் ஆன சட்டகங்களையே. 1995 இல் சப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'வர்ச்சுவல் பாய்', செந்நிற ஒளி ஒன்றை மட்டுமே காட்டி, விரைவில் சந்தையை விட்டு நீங்கிற்று. 2012 இல் பாமர் இலக்கி எனும் பத்தொன்பது அகவை அமெரிக்க இளைஞர் 2,50,000 தாலர் வேண்டிப் பொதுமக்கள்முன் நின்றார். அவர்கள் ஏறத்தாழ 24 இலக்கம் தாலர் ஈந்தனர். அவ்வாறு பொதுமக்கள் முன்பணத்தில் தளிர்த்த 'ஆக்குலசு' நிறுவனத்தை, 2014 இல் முகநூல் நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி தாலர் மதிப்பிற்கு வாங்கியது. 2016 இல் வந்த காட்டிகள் 399 முதல் 799 தாலர் வரை விலையுற்று, வலிய கணினியொடோ விளையாட்டுப் பெட்டியொடோ கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்தன. 2019 இல் கம்பியற்று நடந்தாடும் காட்டி வந்தது. 2020 இல் அதன் அடுத்த வடிவம் 299 தாலருக்கே விற்கப்பட்டது.

விலை ஏன் இவ்வளவு இறங்கிற்று? முகநூலின் தாய் நிறுவனமாகிய மெட்டா, இத்துறையில் 2023 ஆம் ஓராண்டில் மட்டும் 1,600 கோடி தாலருக்கு மேல் இழந்ததாகத் தன் கணக்கிலேயே காட்டியுள்ளது. இழப்பிற்கு விற்கும் வணிகனை நீவிர் எங்கேனும் கண்டதுண்டா? கண்டிருப்பின், அவன் வேறொன்றை வாங்கிக்கொண்டிருக்கின்றான் என்று பொருள். அவன் வாங்குவது யாது என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டுவது.

யாம் மகிழ்ந்த அந்த வாளாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடுவோர் தாமே பொதுவில் ஏற்றிவைத்த ஆட்டப் பதிவுகளைக் கொண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வாளரும் அவரொடு சேர்ந்தோரும் 2023 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் அடங்கியோர் 55,541 பேர். பெயர் இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. தலையும் இரு கைகளும் அசைந்த அசைவு ஒன்றே உண்டு. அவ்வசைவில் 100 நொடி கிடைத்தால், ஆடியவர் இன்னார் என்று நூற்றுக்கு 94 முறை கணினி சரியாகச் சொல்லிற்று. 10 நொடியே கிடைத்தாலும் நூற்றுக்கு 73 முறை சொல்லிற்று. நடையைக் கொண்டு ஆளை அறிவது நம் பாட்டிமார்க்கும் கைவந்ததுதான்; ஆனால் பாட்டி அறிந்தது தம் தெருவாரை; கருவி அறிவதோ அரை இலக்கம் பேரை! கைந்நாட்டு வைக்குமுன் நாம் ஆயிரம்முறை எண்ணுகின்றோம். இங்கே வாள் வீசும் ஒவ்வொரு வீச்சும் ஒரு கைந்நாட்டு. அதனை மாற்றுவதும் எளிதன்று, மறைப்பதும் எளிதன்று. மறைச்சொல் திருடப்பட்டால் வேறு சொல் வைக்கலாம். தோளின் அசைவு திருடப்பட்டால் வேறு தோளுக்கு எங்கே போவது?

மேலும் ஒன்று. விலைகொடுத்து வாங்கிய கருவி வாங்கினார்க்கு உரியதா என்றால், முழுமையாக இல்லை. 2020 இல் வந்த காட்டியை, முகநூற் கணக்கு இன்றி இயக்கவே இயலாதென்று விதித்தனர். எதிர்ப்பு எழுந்தபின், 2022 இல் அதனை மாற்றி வேறொரு கணக்கைக் கேட்டனர். எடையற்ற வெளியில் மிதந்தவாறு வட்டத்தட்டை எறிந்து இரு அணிகள் மோதும் 'எக்கோ வி.ஆர்.' எனும் விளையாட்டைப் பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் ஆடி, அதனுள்ளே நட்பும் குழுவும் வளர்த்திருந்தனர். 2023 ஆகத்து முதல் நாள் மெட்டா அதனை மூடிற்று. ஆடியவர் கையிற் கருவி இருந்தது, ஆடுகளம் இல்லை. ஊர்ப்பொதுத் திடலை ஒருவன் இரவோடிரவாகச் சுருட்டிக்கொண்டுபோக முடியுமா? வாடகைத் திடலில் அது முடியும்.

இவ்வளவும் கூறுவதால் இக்கருவியே தீது என்பது எம் கருத்தன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாசிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், தீப்புண் பட்டோர்க்காகப் 'பனியுலகம்' எனும் விளையாட்டை உருவாக்கினர். புண்ணைத் துடைத்துக் கட்டும் பொழுதில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து, பனியுருண்டை எறிந்துகொண்டிருப்பார். அப்பொழுது வலி குறைந்ததாக நோயாளிகள் உரைத்தனர். எந்த ஆற்றல் எம் காலை நடுங்கச் செய்ததோ, அதே ஆற்றல் அங்கே வலியை மறக்கச் செய்கின்றது. ஆற்றல் ஒன்றே, அதனைப் பிடித்திருக்கும் கை எது என்பதிலேயே நன்றும் தீதும் பிரிகின்றன.

குழந்தைகளைப் பற்றியே எம் கவலை மிகுதி. அறுபது கடந்த எம் அறிவாலேயே உடலைத் தடுக்க இயலவில்லை எனின், ஆறு அகவைப் பிள்ளை என் செய்யும்? 2009 இல் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வில், தம்மைப் போன்ற உருவம் திமிங்கிலங்களொடு நீந்துவதைக் காட்டியிற் கண்ட தொடக்கப்பள்ளிச் சிறுவருள் சிலர், சில நாள் கழித்து வினவியபோது, தாம் உண்மையாகவே அவ்வாறு நீந்தியதாக நம்பினர். அவ்வாறிருக்க, முன்பு 13 என்றிருந்த அகவை வரம்பை 2023 இல் மெட்டா, பெற்றோர் ஒப்புதலொடு, 10 எனக் குறைத்தது. இந்திய ஒன்றியம் 2023 இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டம், 18 அகவைக்கு உட்பட்டார் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கின்றது, நன்று. ஆனால் உடலசைவுத் தரவு எனத் தனித்து அதில் ஏதும் கூறப்படவில்லை. கைரேகைக்கு நிகரான காப்பு உடலசைவிற்கும் வேண்டும் என்று கேட்கவேண்டிய வேளை, கருவி வீடுதோறும் புகுந்தபின் அன்று; புகுமுன்.

எனவே படிப்பாளரே, நீவிர் செய்யத்தக்கன சில. ஆடுக, அஞ்சி ஒதுங்கற்க. ஆனால் 'ஒப்புகிறேன்' எனும் கட்டத்தை அழுத்துமுன், அசைவுப் பதிவு எங்குச் செல்கின்றது என்பதைப் படித்தறிக. எதனை மறுக்க இடமுண்டோ அதனை மறுக்க. பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீவிர் ஒருமுறை அணிந்து பார்க்க. ஆடும்போது பிள்ளையைத் தனியே விடற்க. ஆடி முடித்தபின், கண்டதைச் சொல்லச்செய்து, மெய் எது, நிகர் எது என்று அதன் வாயாலேயே பிரித்துரைக்கச் செய்க. கணினி பயிலும் இளைஞரே, பிறன் கட்டிய ஆடுகளத்தில் ஆடித் தேர்வதொடு அமையாது, களங்கட்டும் நுட்பத்தையும் பயில்க.

அன்று மாலை, பலகையின் விளிம்பில் எம் கால் நடுங்கி நின்றபோது, இது கூடத்துத் தரையே என்று எமக்கு நினைவூட்டியது எம் அறிவன்று. பக்கத்தில் நின்ற எம் துணைவியாரின் நகையொலியே. அணிந்தவர் பக்கத்தில் அணியாதவர் ஒருவர் எப்பொழுதும் நிற்றல் வேண்டும். வீட்டிற்கு மட்டுமன்று, குமுகாயத்திற்கும் அவ்வாறே. ஆசிரியரும் மருத்துவரும் சட்டம் இயற்றுவோரும் இதழெழுதுவோரும் காட்டிக்கு வெளியே கண்விழித்து நிற்பாராயின், உள்ளே ஆடுவோர் அச்சமின்றி ஆடலாம். அவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டால், பலகைக்குக் கீழே இருப்பது தரைதான் என்று சொல்வார் யார்?