பிரிக்கப்படாத மடல்கள்

பல்லாண்டுகளுக்குப் பின், சென்ற திங்கள் திருவனந்தபுரத்து எல்.எம்.எஸ். வளாகத்தில் நண்பர் இல்லத்துக்கு மீண்டும் சென்றோம். 1906-இல் எழுந்த மட்டீர் நினைவாலயம் நம்மை வரவேற்றது. ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் மயிலாடியில் தொடங்கிய இலண்டன் மிஷன் பணி, நாகர்கோவில், நெய்யூர், திருவனந்தபுரம் எனப் பரவிய நாளில் இவையனைத்தும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நண்பர் குடும்பம் கேரளத்திலேயே தங்கிவிட்டது.

முதுமையால் நண்பருக்குக் கண்ணொளி மங்கியுள்ளது. நாம் அனுப்பிய மூன்று கிறிஸ்துமஸ் மடல்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார், ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்து அறியார்கள். தாங்களே வந்து படிப்பீர்கள் என வைத்திருந்தேன்" என்றார்.

நம் மடல்களை நாமே படித்தோம். அவர் கண் கலங்கினார். அருகில் நின்ற பேத்தி, தாத்தாவின் பெயர் எது எனக் கேட்டாள், காட்டினோம். விடைபெறுமுன் அதனைத் தானே எழுதிக் காட்டினாள்.

அன்பர்களே! வேற்றூரில் பேச்சு மட்டும் தமிழைக் காவாது. நாள்தோறும் கால்மணி நேரம் நம் மக்களுக்கு எழுத்தும் கற்பிப்போம். உறவினர் மடல் எவர் இல்லத்திலும் பிரிக்கப்படாமல் கிடத்தல் ஆகாது.