தாத்தா பெயரில் நிற்கும் பட்டா

கிராமத்தில் யாரிடம் வம்சாவளி கேட்டாலும் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, மகன் என்றுதான் சொல்வார்கள். அத்தைமார் பெயர் அதில் வராது. பேச்சோடு நின்றால் தவறில்லை. ஆனால், வாரிசுச் சான்றிதழ் எடுத்தால் அக்கா, தங்கை பெயரும் வந்துவிடுமே என்று பட்டாவைத் தாத்தா பெயரிலேயே விட்டுவைக்கிறார்கள்.

இதன் சுமை அதிகம் விழுவது கணவனை இழந்த மருமகள் மேல். நாற்று நடுவதும் மடை திருப்புவதும் அவர். பட்டாவோ மாமனார் பெயரில். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் 'சிட்டா யார் பெயரில்?' என்பார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனமும், பி.எம். கிசான் தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் அந்தக் கேள்வியிலேயே நிற்கின்றன. அண்ணன் தம்பிகளுக்கும் இதே கதிதான். இறந்தவர் பெயரில் யாருக்கும் கடன் கிடைக்காது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்திய நிலத்தில் மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தந்தைக்கு முன்பே இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் அவருடைய பங்கைப் பெறுவார்கள். பூர்வீகச் சொத்தில், 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு உரிமை தந்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளுக்குப் பாதிப்பில்லை. 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே' என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது.

பெண்ணுக்கும் பங்கு கொடுத்தால் நிலம் துண்டாகும் என்கிறார்கள். மகன்களுக்குள் பிரித்தபோது துண்டாகவில்லையா? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர்தான். உரிமையைப் பிரித்தால் வரப்பையும் பிரித்தாக வேண்டும் என்பதில்லை. எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கி, உழுபவர் மற்றவர்களுக்குக் குத்தகை கொடுக்கலாம். பங்கு வேண்டாம் என்று சகோதரி மனமார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள், வாய்ச்சொல் போதாது.

களப்பணியாளர்கள் மானிய விண்ணப்பத்தை நிரப்பும்போது, பட்டாவில் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே இறப்புச் சான்றிதழ், மகள்கள் பெயரும் உள்ள வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திர நகல் ஆகியவற்றோடு பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்துக்கு அனுப்பிவையுங்கள்.