கிணற்றுத் தண்ணீரின் கணக்கை எங்களுக்கும் சொல்லுங்கள்



நிறம், சுவை, மணம் மாறாத தண்ணீரில் வுழூ செய்யலாம் என்று சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். வுழூவுக்கு அது சரி. அதே அளவுகோலைக் குடிதண்ணீருக்கும் வைத்து, "எங்கட கிணறு நல்ல தண்ணிக் கிணறு" என்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆய்வுகூடத்தில்தான் பிடிபடும்.

மன்னார்த் தீவு மணல் தீவு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். மலசலகூடக் குழியும் அதே மணலில்தான். கழிவிலுள்ள நைதரசன் அமோனியாவாகும். பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று மணலில் ஒட்டாது, தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுக்குப் போகும். ஓட்சிசன் இல்லாத சேற்று நிலத்தில் வேறு பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். எங்கட வளவு மணலில் அது பெரிதாக நடக்காது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் ஆபத்து முதலில் ஆறு மாதத்துக்குக் குறைந்த, மாப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான். இரத்தம் ஓட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டிவிட்டன. அங்கே தோட்டத்துக்குப் போடும் உரமும் ஒரு காரணம். எங்களிடம் அவ்வளவு தோட்டம் இல்லைதான். ஆனால் வளவுகள் சுருங்க, கிணறும் குழியும் நெருங்கிக்கொண்டே வருகின்றன.

என் கோரிக்கை பெரிதல்ல. கோடை முடிவில் ஒரு தடவை, மாரி மழைக்குப் பிறகு ஒரு தடவை, பொதுக் கிணறுகளின் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். முடிவைக் கோப்பில் பூட்டி வைக்காமல், பள்ளிவாசல், கோவில், பாடசாலை வாசல்களில் தமிழில் ஒட்டுங்கள். எந்தக் கிணறு குடிக்க, எந்தக் கிணறு குளிக்க என்று சனம் தானே முடிவெடுக்கும். "ஊர்ப் பேர் கெட்டுப்போகும்" என்று சிலர் தயங்கலாம். பேரை விடப் பிள்ளை பெரிது.

வகுப்பில் நைதரசன் வட்டத்தைக் கீறச் சொல்கிறோம், பிள்ளைகளும் அழகாகக் கீறுகிறார்கள். தன் வீட்டுக் கிணற்றில் அது எத்தனை மில்லிகிராம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?